வலிப்பு நோய் உள்ளவர் தூக்கத்திலேயே இறந்துபோவாரா?

கேள்வி:

எங்கள் தம்பிக்கு 23 வயது. 14 வயதிலிருந்து வலிப்பு நோய். கிளினிக்கில் தரும் சோடியம் வல்ப்ரோவேட் குளிசையைக் காலையும் இரவும் குடிக்க வேண்டும். வயல் வேலை மும்முரமான நாட்களில் தவறிவிடும். வருடத்துக்கு நான்கைந்து தடவை வலிப்பு வருகிறது, பெரும்பாலும் விடியப்புறத்தில், தூக்கத்தில். போன மாதம் பக்கத்துத் தெருவில் இதே நோயுள்ள ஒரு பிள்ளை இறந்துவிட்டான். இரவு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவனை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போன அவனுடைய உம்மா, பாயில் குப்புறக் கிடக்கக் கண்டார். பிரேத பரிசோதனையில் காரணம் ஒன்றும் தெரியவில்லை என்றார்களாம். தலையணையில் மூச்சு முட்டியது என்கிறார்கள், மாரடைப்பு என்கிறார்கள், தாய் மருந்து கொடுக்கவில்லை என்றும் பேசுகிறார்கள். அன்றிலிருந்து எங்கள் உம்மா தூங்குவதில்லை. தம்பியின் மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். தம்பிக்கும் இப்படி நடக்குமா? இத்தனை வருடமாக எந்த வைத்தியரும் இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? அவனிடம் இதைச் சொல்லலாமா? வயல் வட்டையில் யானைக் காவலுக்குப் போய் அங்குள்ள வாடிக் குடிசையில் படுக்கிறான், மறிக்க வேண்டுமா?

— ராத்தா ஒருவர், அம்பாறை மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் முதல் கேள்விக்கே வருகிறேன். ஆம், வலிப்பு நோய் உள்ள ஒருவர், வெளியே தெரியும் வேறு காரணம் எதுவும் இல்லாமல், பெரும்பாலும் தூக்கத்தில், திடீரென இறந்துபோவது உண்டு. வைத்தியர்கள் இதைச் சுருக்கமாக ‘சூடெப்’ என்பார்கள். வலிப்பு நோயில் எதிர்பாராமல் நேரும் திடீர் மரணம். வலிப்பு வந்து குளத்தில் மூழ்கியது, விழுந்து தலையில் அடிபட்டது, வலிப்பு விடாமல் நீடித்து உயிர் போனது போன்றவை இதில் சேராது. இதில் பிரேத பரிசோதனை செய்தாலும் மரணத்துக்கான காரணம் உடலில் அகப்படாது. அந்தப் பிள்ளையின் அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விடியற்காலை, குப்புறக் கிடந்த நிலை, ஒன்றும் அகப்படாத பரிசோதனை எல்லாமே இதற்குப் பொருந்துகின்றன.

வளர்ந்தவர்களில் வலிப்பு நோயுள்ள 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு இது நேர்கிறது. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்க நரம்பியல் வைத்தியர்களின் அமைப்பு 2017இல் வெளியிட்ட கணக்கு இது. மற்ற 999 பேரும் அந்த வருடத்தை இந்த மரணம் நேராமல் கடக்கிறார்கள். இதைக் கேட்டு உங்கள் உம்மா கொஞ்சம் ஆறுதல் அடையலாம். ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னவனாவேன். ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவானதல்ல. சில விநாடிகள் கண் வெறித்து நின்றுவிட்டு மீள்பவருக்கும், மருந்தால் வலிப்பு முழுதாக நின்றுவிட்டவருக்கும் இது மிக மிக அரிது. உடல் முழுதும் விறைத்து, கை கால் இழுத்து, நினைவு தப்பும் பெரிய வலிப்பு வருபவர்களுக்கே ஆபத்து அதிகம். அது வருடத்துக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து 15 மடங்கு வரை கூடுகிறது என்று அதே தொகுப்பு சொல்கிறது. இரவில் வருவதும், வரும்போது பக்கத்தில் யாரும் இல்லாதிருப்பதும் அதை இன்னும் கூட்டுகின்றன.

உங்கள் தம்பிக்கு வருவது இந்தப் பெரிய வலிப்புத்தான் என்றால், வருடத்துக்கு நான்கைந்து தடவை, அதுவும் தூக்கத்தில் என்பதைப் பார்க்கையில், ஆபத்து கூடியவர்களில் ஒருவராகவே அவரைக் கொள்ள வேண்டும். இதை எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது; எழுதாமல் விடவும் மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் அவருடைய ஆபத்தைக் கூட்டி வைத்திருக்கும் காரணங்களில் அநேகமாக எல்லாமே மாற்றக்கூடியவை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எதைச் செய்ய வேண்டும் என்பது தானாகவே விளங்கும். மூளையின் மின்னலைகளையும் இதயத் துடிப்பையும் இரவு பகலாகப் பதிவுசெய்து வலிப்பை ஆராயும் பிரிவுகள் வெளிநாட்டுப் பெரிய வைத்தியசாலைகளில் உண்டு. அப்படிப் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோன சிலரின் பதிவுகளைப் பல நாடுகளிலிருந்து சேர்த்து 2013இல் வெளியிட்டார்கள். நடந்ததெல்லாம் ஒரே ஒழுங்கில் இருந்தது. முதலில் ஒரு பெரிய வலிப்பு. அது நின்றதும் மூச்சு வேகமாக வாங்குகிறது. பின்னர் மூளையின் செயல் அடங்கிப்போய், சில நிமிடங்களுக்குள் மூச்சும் இதயத் துடிப்பும் தடுமாறுகின்றன. மூச்சு நின்ற பிறகுதான் இதயம் நிற்கிறது. வலிப்பு முடிந்து 11 நிமிடங்களுக்குள் மூச்சு நின்றுபோயிருந்தது. பெரும்பாலானவை இரவில் நடந்தவை. பெரும்பாலானவர்கள் குப்புறக் கிடந்திருக்கிறார்கள்.

ஆக, வலிப்பு ஓய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நாம் விலகிப்போகிற அந்த வேளையில்தான் பக்கத்தில் ஆள் வேண்டும்.

பக்கத்துத் தெரு உம்மாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகத் தூங்கும் ஒருவருக்குத் தலையணையில் முகம் புதைந்து மூச்சு முட்டினால் உடம்பே அவரை உலுக்கி எழுப்பிவிடும், புரண்டு படுப்பார். பெரிய வலிப்பு வந்து ஓய்ந்த மூளைக்கு அப்படி எழுப்பும் திராணி சிறிது நேரத்துக்கு இல்லை. எனவே தலையணை மட்டும் காரணமாக இருக்க முடியாது. தூக்கத்தில் வரும் வலிப்பு ஓசையே இல்லாமல் வந்து போவதும் உண்டு, அடுத்த அறையில் விழித்துக் கிடப்பவருக்குக்கூடக் கேட்காது. ஒரு குளிசையும் தவறாமல் குடித்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். பிரேத பரிசோதனையில் ஒன்றும் அகப்படாததை வைத்து ஊர் எதையெதையோ பேசுகிறது. ஒன்றும் அகப்படாமல் இருப்பதுதான் இந்த மரணத்தின் இயல்பு. பிள்ளையைப் பறிகொடுத்து, திடீர் மரண விசாரணைக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் காத்திருந்து, ஜனாஸா அடக்கத்தையும் தள்ளிப்போட்டு நின்ற தாய் அவர். அவர்மீது பழி போடுவது அநியாயம். நீங்களும் உங்கள் உம்மாவும் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய், வைத்தியர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

வைத்தியர்கள் ஏன் சொல்லவில்லை? எங்கள் கிளினிக்குகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு நம்பர் எடுத்துக் காத்திருப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் குளிசை எழுதி, அடுத்த திகதி போட்டு அனுப்பத்தான் நேரம் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நோயாளியைப் பயமுறுத்தி என்ன பயன் என்று நினைக்கும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த விடயத்தில் சொல்லாமல் விடுவது சரியல்ல என்பதே என் முடிவு. இப்படியொரு ஆபத்து இருக்கிறது என்று தெரியாத இளைஞன், இரண்டு நாள் குளிசை தவறினால் என்ன என்றுதான் நினைப்பான். நான் மேலே சொன்ன அந்த அமெரிக்கத் தொகுப்பும் நோயாளிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றே வைத்தியர்களுக்கு அறிவுறுத்துகிறது.

எனவே தம்பியிடம் சொல்லுங்கள். அவர் சின்னப் பிள்ளை அல்ல, அவருடைய உயிரைப் பற்றிய விடயம், அவருக்குத் தெரியாமல் வீட்டார் மட்டும் சுமந்துகொண்டு திரிவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. பக்கத்துத் தெருவில் நடந்தது அவருக்கும் தெரியும். உம்மாவின் கை தன் மூக்கில் படுவதும் தெரியும். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சண்டை பிடித்த நாளிலோ, குளிசை தவறியதற்கு ஏசும்போதோ இதை எடுக்க வேண்டாம். ஆறுதலாக ஒரு பின்னேரம் இருந்து, “தம்பி, இந்த வருத்தத்தில் இப்படியும் ஒன்று நடக்கலாமாம். மிகக் குறைவாம். வலிப்பை நிறுத்திவிட்டால் அந்தப் பயம் அநேகமாக இல்லையாம். அதற்கு நீயும் நாங்களும் சேர்ந்து சில வேலைகள் செய்ய வேண்டும்” என்று சொன்னால் போதும். மிச்சத்தை அவரே கேட்பார்.

அந்த வேலைகளில் முதலாவது குளிசை. முறையான மருந்தால் வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிப்பு கட்டுப்படாத நோயாளிகளுக்கு மேலதிக மருந்து கொடுத்த பல பரிசோதனைகளை ஒன்றாக்கி 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், போதிய அளவு மருந்து பெற்றவர்களிடம் இந்தத் திடீர் மரணம், மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை பெற்றவர்களிடம் இருந்ததில் ஏழில் ஒரு பங்குதான் இருந்தது. இதற்கு மேல் மருந்தின் அருமையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

வயல் வேலையில் தவறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வரப்பிலும் வாய்க்காலிலும் நிற்பவருக்குக் காலைக் குளிசை மறந்துபோவது நடக்கக்கூடியதுதான். ஏசினால் குளிசை நினைவுக்கு வராது. வீட்டைவிட்டு இறங்குமுன், தேநீரோடு, கைபேசியில் மணி வைத்துக் குடிப்பது ஒரு வழி. ஏழு நாளுக்கும் காலை மாலை என்று அறை பிரித்த சிறு பெட்டி பாமசிகளில் கிடைக்கும். குடித்தாரா இல்லையா என்ற சந்தேகமும் சச்சரவும் அதோடு போய்விடும். மறந்த வேளையை நினைவு வந்தவுடன் குடிக்கலாம். ஆனால் அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

கிளினிக்குக்கு நோயாளி வரும்போது மிச்சக் குளிசையையும் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். மேசையில் கொட்டி, இரண்டு இரண்டாகத் தள்ளி எண்ணுவோம். முடிந்திருக்க வேண்டிய பைக்குள் முப்பது குளிசை மிச்சம் இருந்தால், மருந்து சரியில்லை என்று முடிவுகட்ட முடியாது; அது இன்னும் வயிற்றுக்குள்ளேயே போகவில்லை. பையில் ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்தும் வலிப்பு வந்தால்தான் அளவைக் கூட்டுவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்று யோசிக்க வேண்டும். தம்பியின் விடயத்தில் எது என்று தெரியாமல் மருந்தை மாற்றுவதில் அர்த்தமில்லை. அதனால் உண்மையான கணக்கைக் கொண்டுபோங்கள். வைத்தியர் ஏசுவார் என்று மிச்சத்தை மறைக்க வேண்டாம்.

மாரி காலத்தில் வெள்ளம் வந்து பாதை மறிபட்டால் கிளினிக் திகதி தவறும். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாடும் மறந்திருக்காது. எப்போதும் இரண்டு வாரத்துக்கான குளிசை கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வரும். ஓதிப் பார்ப்பதையோ துஆ கேட்பதையோ நான் தடுக்கவில்லை, அது உங்கள் மனதுக்கு வேண்டியது. ஆனால் நூலைக் கட்டிக் குளிசையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் வாசலை மிதிக்க வேண்டாம்.

இனி இரவு. தம்பி தனி அறையில் படுக்க வேண்டாம். ஒரே அறையில், கை எட்டும் தூரத்தில், வாப்பாவோ இன்னொரு சகோதரனோ பாய் போட்டுப் படுக்கட்டும். தரையில் பாயில் படுப்பது நல்லது, விழுகிற பயம் இல்லை. மெத்தென்ற பெரிய தலையணை வேண்டாம். மல்லாந்தோ சரிந்தோ படுக்கப் பழகலாம். வலிப்பு வந்தால் ஆளே புரண்டுவிடுவார் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. பக்கத்தில் படுப்பவர் விழித்திருக்க வேண்டியதில்லை. வலிப்பின் உதறலோ முனகலோ அவரை எழுப்பும் அளவுக்கு அருகில் இருந்தால் போதும். பக்கத்தில் ஆள் இருந்தும் காப்பாற்ற முடியாமல் போன சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனாலும் ஆபத்து நன்றாகக் குறைகிறது. உம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். இரவிரவாக மூக்கில் கை வைத்துப் பார்ப்பதால் அவருடைய உடம்பு கெடுகிறது, தம்பியின் தூக்கமும் கெடுகிறது. தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். வீட்டில் முறை வைத்துப் படுங்கள், உம்மாவை வேறு அறையில் தூங்கவிடுங்கள்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பது வீட்டில் எல்லோருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும், தெரிந்திருக்க வேண்டும். மணியைப் பாருங்கள். கையில் திறப்பையோ இரும்பையோ திணிக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம், கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். தலைக்குக் கீழே சாரத்தையோ துவாயையோ மடித்து வையுங்கள். உதறல் நின்றதும் தாமதிக்காமல் ஆளைச் சரித்துப் படுக்க வையுங்கள்: உங்களுக்கு அப்பால் உள்ள முழங்காலை மடித்து நிறுத்தி, அதையும் அதே பக்கத்துத் தோளையும் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் எவ்வளவு பாரமான ஆளும் உருண்டு வருவார். முகம் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். எச்சில் வெளியே வடிந்துவிடும். மூக்கும் வாயும் எதிலும் அமுங்காமல் பாருங்கள். பிறகு பக்கத்திலேயே இருங்கள். தோளைத் தட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். “ராத்தா” என்று உங்களை அடையாளம் கண்டு பேசும்வரை எழும்பிப் போக வேண்டாம். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு வராமலே இன்னொன்று வந்தாலும், மூச்சில் சந்தேகம் வந்தாலும் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. மூச்சே இல்லாவிட்டால், அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் பலமாக, வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு பேராவது இதை முறையாகப் பழகிக்கொள்ளுங்கள்; உங்கள் பகுதியில் முதலுதவிப் பயிற்சி நடந்தால் அதற்குப் போங்கள்.

யானைக் காவலை இப்போதைக்கு நிறுத்தத்தான் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. இரவு முழுக்கக் கண் விழிப்பு, விடியப்புறம் அசதியில் தூக்கம், வாடியில் தனிமை, பக்கத்தில் வாய்க்கால், நினைத்த நேரத்துக்கு அம்புலன்ஸ் போக முடியாத வட்டைப் பாதை: அவருக்கு வலிப்பை வரவழைக்கக்கூடியதும், வந்தால் ஆபத்தாக்கக்கூடியதும் அத்தனையும் அங்கே இருக்கின்றன. அறுவடை முடியும்வரை காவலை வேறொருவர் பார்க்கட்டும், அல்லது கூலிக்கு ஆள் வைக்கட்டும். அதற்காக அவரை வீட்டில் அடைத்துவிட வேண்டாம். பகல் வயல் வேலை, விதைப்பு, நெல் காயவிடுவது, கடை கண்ணிக்குப் போவது எல்லாம் செய்யட்டும். 23 வயதுப் பையனுக்கு வேலையும் கூட்டாளிமாரும் இல்லாவிட்டால் குளிசையிலும் அக்கறை போய்விடும். உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் ஓட்டக் கூடாது. குளத்திலும் ஆற்றிலும் தனியாகக் குளிக்கக் கூடாது; வீட்டில் வாளியில் அள்ளிக் குளிக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, நோன்பு. ரமழானில் குளிசை நேரம் மாறும், ஸஹருக்கு எழும்புவதால் தூக்கம் உடையும். இரண்டும் சேர்ந்தால் வலிப்புக்கு அதுவே வழி. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை உங்கள் பகுதி மௌலவியிடம் தம்பியே நேரில் கேட்கட்டும். வலிப்பு இப்படிக் கட்டுப்படாமல் இருக்கும் நிலையில் அவர் நோன்பு பிடிப்பதை நான் விரும்பவில்லை. வலிப்பு நின்று வருடங்கள் ஆன பிறகு அவருக்கு நோன்பு பிடிக்க ஆசை வந்தால், ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வைத்தியரிடம் போய், நீண்ட நேரம் வேலை செய்யும் வகைக் குளிசையால் நேரத்தை ஒழுங்குபடுத்த முடியுமா என்று கேட்க வேண்டும். தானாக நேரத்தை மாற்றக் கூடாது.

அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல், முடிந்தால் இந்த வாரமே தம்பியோடு நீங்களும் போங்கள். கடந்த வருடம் வந்த வலிப்புகளைத் திகதி, நேரம், முன்னிரவு குளிசை குடித்தாரா, தூங்கினாரா என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வலிப்பு வந்தால், ஒருவர் தம்பியைக் கவனிக்க இன்னொருவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். பெரிய வலிப்பா, வேறு வகையா என்று அதைப் பார்த்து வைத்தியர் சொல்லிவிடுவார். விடியப்புறத்தில் வருகிறது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள், இரவுக் குளிசையின் அளவை அதற்கேற்ப அவர் யோசிப்பார். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், தவறாமல் குடித்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் ‘இப்படியே தொடரட்டும்’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் நரம்பியல் வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். மூளை மின்னலைப் பதிவும் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் செய்து, சிலருக்குச் சத்திரசிகிச்சையால் வலிப்பை நிறுத்த முடியுமா என்றும் பார்ப்பார்கள். அந்தச் சிகிச்சை கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நடக்கிறது.

வைத்தியரிடம் இந்தத் திடீர் மரணத்தைப் பற்றித் தம்பியே வாய் திறந்து கேட்கட்டும். அவர் கேட்கத் தயங்கினால் நீங்கள் கேளுங்கள்.